ரத்தக் கறை: எதை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது

"எந்த சோப்பு போட்டா ரத்தக் கறை போகும்?" என்று கேட்டபடிதான் துணியை நீட்டுவார்கள். சோப்பு என்னவென்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். எதை முதலில் போடுவது, எதைக் கடைசிவரை கிட்டே சேர்க்காமல் இருப்பது என்பதிலேயே பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடுகிறது. உப்பு, துணி பவுடர், மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, எலுமிச்சம்பழம். இந்த நாலும் இருந்தால் போதும். வரிசை தப்பினால் மட்டும் ஒன்று செய்ய வேண்டிய வேலையை இன்னொன்று கெடுத்துவிடும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். எம்.சி. ரோட்டில் துணி எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்து பிளவுஸ் தைக்கக் கொடுப்பவர்கள் நிறைய. கிழிசல் தைக்க வரும் துணியில் பல நேரம் ரத்தமும் சேர்ந்தே வரும். விளையாடப் போய் விழுந்த பிள்ளையின் பேன்ட், வண்டியிலிருந்து விழுந்தவரின் சட்டை. கிழிசலை நேர்த்தியாகத் தைத்துவிட்டுக் கறையோடு திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வராது. அப்படித்தான் இந்த வேலையும் கையோடு ஒட்டிக்கொண்டது. சமீபத்தில் வந்த சில துணிகளில் என்ன செய்தேன், எது எவ்வளவு போனது என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

சூடு கூடாது

எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் பெரியவரிடமிருந்து தொடங்குகிறேன். இந்தப் பேட்டைக்கே பெயர் வந்தது அவர் குடும்பம் செய்த தொழிலால்தான். கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலில் ஏற்றி அனுப்பிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் இது. ரத்தம் பட்ட துணியை நீட்டினால் அவர் கையிலேயே வாங்க மாட்டார். "பொட்டி வெச்சா அவ்ளோதாம்மா. முட்ட வெந்துச்சுன்னா திரும்பத் தண்ணியா ஆவுமா? ரத்தமும் அப்டித்தான்" என்பார்.

அவர் சொல்வது அப்படியே சரி. ரத்தத்தில் தண்ணீர் போக மிச்சம் இருப்பது பெரும்பாலும் புரதம். அது குளிர்ந்த தண்ணீரில் கரையும். சூடு 60 டிகிரியைத் தாண்டினால் இறுகி, நூலிழைக்குள்ளே பிடித்துக்கொண்டு கரைய மறுக்கும். அந்தக் காலத்து வெள்ளாவியிலும் ரத்தம் பட்ட துணியை நேராக அடுக்க மாட்டார்களாம். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, அப்புறம் உவர்மண்ணில் தோய்த்து, கறை போனது தெரிந்த பிறகுதான் ஆவியில் வைப்பார்களாம். இன்று அந்த ஒழுங்கை வாஷிங் மெஷின் உடைத்துவிடுகிறது. 'காட்டன்' என்று பட்டனைத் திருப்பினால் சில மெஷின்கள் தாமாகவே 60 டிகிரிக்குத் தண்ணீரைச் சூடாக்கும். கறை பட்ட துணியை மெஷினில் போடுவதாக இருந்தால் 'கோல்ட்' என்று இருப்பதைத் தேடித் திருப்புங்கள்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் மத்தியானம் மொட்டை மாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீர் பச்சைத் தண்ணீரே கிடையாது, கை வைத்தால் சுரீரென்று இருக்கும். முதல் அலசலுக்கு அது வேண்டாம். குடத்தில் பிடித்து வீட்டுக்குள் வைத்திருக்கும் தண்ணீரை எடுங்கள். அந்த டேங்க் தண்ணீருக்கும் ஒரு வேலை இருக்கிறது, பின்னால் வருகிறது.

வெள்ளை யூனிஃபார்ம் சட்டை

ராயபுரத்தில் இருக்கும் என் தம்பி மகன் பாக்சிங் பழகுகிறான். வட சென்னையில் பாக்சிங் வீட்டு விஷயம் மாதிரிதான், தெருவுக்கு ஒருத்தராவது கிளவுஸ் மாட்டியவர் இருப்பார். ஸ்கூல் விட்டதும் சட்டையைக்கூட மாற்றாமல் இறங்கியிருக்கிறான், மூக்கில் ஒரு குத்து. காலரிலிருந்து பாக்கெட் வரை ரத்தம். "அத்த, அம்மா பாத்தா பாக்சிங்க நிறுத்திடுவாங்க" என்று நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

முதலில் மூக்கு. தலையை அண்ணாந்து வைத்திருந்தான், ரத்தம் தொண்டைக்குள் இறங்கும் என்று குனியவைத்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். நின்ற பிறகுதான் சட்டையைக் கழற்றினோம்.

புதுக் கறையை அப்படியே பக்கெட்டில் முக்கக் கூடாது. ரத்தம் தண்ணீரில் கலந்து, சுத்தமாக இருக்கிற இடத்துக்கும் போய்விடும். சட்டையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, கறையின் முதுகுப் பக்கத்தில் குழாயைச் சன்னமாகத் திறந்துவிட வேண்டும். வந்த வழியிலேயே தண்ணீர் அதை வெளியே தள்ளும். முன்பக்கமாக ஊற்றினால் இன்னும் உள்ளே அழுத்தும். தண்ணீர் நிறமில்லாமல் இறங்கும்வரை அப்படியே பிடித்திருந்தேன். கசக்கவில்லை.

அடுத்து உப்புத் தண்ணீர். ஒரு லிட்டருக்கு ஒன்றரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவுக்குக் காரணம் உண்டு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் 0.9 சதவீத உப்பு, நம் ரத்தத்தின் உப்புக்குச் சமம். வெறும் தண்ணீரில் சிவப்பணுக்கள் உப்பி வெடித்து, உள்ளே இருக்கும் ஹீமோகுளோபின் வெளியே கொட்டும். நிறம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. சலைன் அளவு உப்பில் அணு உடையாமல் முழுசாகவே நழுவி வரும். அரை மணி நேரம் ஊறிய பிறகு பார் சோப்பைத் தேய்த்து, குளிர்ந்த தண்ணீரிலேயே அலசினேன். சுத்தமாகப் போய்விட்டது. பெராக்சைடு பாட்டிலைத் திறக்கவே இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் கவனித்துவிட்டால் பருத்தி, பாலியெஸ்டர் கலந்த துணிக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது.

இஸ்திரி போட்ட பழைய கறை

உண்மையான வேலை இதில்தான். எதிர் வீட்டுப் பெண்ணின் கணவர் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கப் போய் வண்டியோடு விழுந்தார். முழங்கையில் தையல். அன்று போட்டிருந்தது தலைதீபாவளிக்கு அவள் அப்பா எடுத்துக் கொடுத்த வெள்ளைக் காட்டன் சட்டை. ஆஸ்பத்திரியில் கழற்றியதைக் கவரில் சுருட்டி வைத்து, பிறகு ஞாபகம் வந்து மெஷினில் சூடாகவே ஓட்டி, கறை தெரியாமல் போகுமோ என்று இஸ்திரியும் போட்டிருந்தாள். அவள் அப்பா இப்போது இல்லை. "போகலன்னா பரவால்லக்கா, நீங்க ஒருவாட்டி பாருங்க" என்றாள். சட்டைக் கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புத் திட்டு, மார்புப் பக்கம் சொட்டுச் சொட்டாகச் சில.

சிவப்பு ஏன் பழுப்பாகிறது? ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கிறது. காற்று பட்டுப் பட்டு அந்த இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து நிறம் மாறுகிறது. அதனால் பழைய கறையில் இரண்டு எதிரிகள்: இறுகிய புரதம் ஒன்று, அதற்குள் மாட்டியிருக்கும் இரும்பு இன்னொன்று. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதை எடுக்காமல் இரண்டாவதன் மேல் கை வைத்தால் பலிக்காது.

நம் வீட்டு ஆள் ரத்தம் இல்லையென்றால் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். இந்தச் சட்டை அதைவிடப் பழசுதான், ஆனாலும் போட்டுக்கொண்டேன். யார் துணி என்று பார்த்து மாற்றிக்கொள்ளும் பழக்கம் வேண்டாம்.

முதலில் ஒரு ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில். தண்ணீர் லேசாக மஞ்சளானது, அவ்வளவுதான். காய்ந்த கறையில் அணுக்கள் எப்போதோ உடைந்துவிட்டன, உப்பு காப்பாற்ற அங்கே ஒன்றும் பாக்கியில்லை. இறுகிப்போன இழையைத் தண்ணீர் குடிக்க வைத்ததே அதன் பலன்.

இரண்டாவது, என்சைம் பவுடர். எல்லாத் துணி பவுடரும் இதற்கு ஆகாது. கவரின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'என்சைம்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும் புரோட்டியேஸ் என்ற நொதிதான் நமக்கு வேண்டியது. ஒரு தகவலை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை: துணி துவைக்க நொதியைக் கொண்டுவந்தவர் ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானியர், காப்புரிமை வாங்கிய வருஷம் 1913. அதற்கு முன்பே, மிருகங்களின் கணையத்திலிருந்து எடுத்த அதே நொதியைத் தோல் பதனிடும் வேலைக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். பெரியமேட்டுத் தோல் மண்டியும் என் துவைக்கிற கல்லும் ஒரே ஆளுக்குக் கடன்பட்டிருக்கின்றன என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

நொதிக்கு வெதுவெதுப்பு வேண்டும், 40 டிகிரி அளவில் நன்றாக வேலை செய்யும். கொதிக்கும் தண்ணீரில் அதுவும் செத்துவிடும். இங்கேதான் மத்தியான டேங்க் தண்ணீர் உதவியது. முதல் அலசலில் ஆகாத தண்ணீர் இதற்குச் சரியாக அமைந்தது. பவுடரைக் குழைத்துக் கறையில் அப்பி, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினேன். காய்ந்தால் நொதி நின்றுவிடும், ஈரமாகவே இருக்க வேண்டும். சில மணி நேரம் கழித்து அதே பவுடர் கரைத்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். காலையில் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இருந்தது. அதைக் கொட்டிவிட்டுப் புதுசாகக் கரைத்து மறுபடி ஊறல். இங்கே பொறுமைதான் வேலை செய்கிறது. பிரஷ் போட்டுத் தேய்த்தால் கறைக்கு முன்னால் நூல்தான் போகும்.

போர் தண்ணீரை இதற்கு எடுக்காதீர்கள். எங்கள் பக்கம் பல வீட்டு போரில் உப்பும் கடினத்தன்மையும் அதிகம். சோப்பு திரிந்து வெள்ளையாகத் துணியில் படியும். பிடித்துக் கொஞ்ச நேரத்தில் மஞ்சள் படியும் தண்ணீர் என்றால் அதில் இரும்பும் இருக்கிறது. இரும்பை எடுக்கப் பாடுபடும் துணியில் மேலும் இரும்பை ஏற்ற வேண்டுமா? மெட்ரோ தண்ணீர் குடம் கணக்கில் வருகிற வீட்டில் இது செலவுதான். ஊறலுக்கும் கடைசி அலசலுக்கும் மட்டும் அதை ஒதுக்கினாலே போதும்.

திட்டு பாதி வெளுத்தது. மூன்றாவதாகப் பெராக்சைடு. மருந்துக் கடையில் '20 வால்யூம்' என்று போட்டிருந்தால் அது 6 சதவீதம். சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம் ஆகும், துணிக்கு அது போதும். வெளிச்சம் பட்டால் வீரியம் போய்விடும் என்பதால்தான் பழுப்பு பாட்டிலில் தருகிறார்கள். கலந்ததை வைத்திருந்து அடுத்த வாரம் பயன்படுத்த நினைக்காதீர்கள்.

ரத்தத்தில் பெராக்சைடு பட்டதும் நுரைக்கும். நுரை பொங்கப் பொங்கக் கறை போகிறது என்று எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். அந்த நுரையில் பாதி நஷ்டம். ரத்தத்தில் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி, பெராக்சைடை உடைத்துத் தண்ணீரும் ஆக்சிஜனுமாக மாற்றிவிடுகிறது, அந்த ஆக்சிஜன்தான் நுரை. நிறத்தை வெளுக்க வேண்டிய பெராக்சைடு அங்கேயே தீர்ந்துபோகிறது. அதனால்தான் பச்சை ரத்தத்தின் மேல் நேராகப் பெராக்சைடு ஊற்ற வேண்டாம் என்கிறேன். தண்ணீரிலும் பவுடரிலும் போக வேண்டியது போன பிறகு ஊற்றினால் ஒவ்வொரு சொட்டும் கறைக்குப் போய்ச் சேரும்.

இந்தச் சட்டையில் நுரை அநேகமாக வரவே இல்லை. அதிலேயே துணியின் கதை தெரிகிறது. இஸ்திரிச் சூட்டில் கேட்டலேஸ் அழிந்துவிட்டது. நுரைக்கவில்லையே என்று விட்டுவிடாமல், சொட்டு விட்டு, காயக் காய மறுபடி விட்டு, ஒரு மணி நேரம் நிழலில் வைத்திருந்தேன். மெல்ல மெல்லப் பழுப்பு மங்கி மஞ்சள் ஓரமாக நின்றது. மார்புப் பக்கச் சொட்டுகள் முழுசாகப் போய்விட்டன.

கடைசியில்தான் எலுமிச்சை. பெராக்சைடை நன்றாக அலசிவிட்டு, பாக்கியிருந்த மஞ்சள் மேல் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் போட்டேன். துருக் கறைக்குச் செய்யும் அதே வைத்தியம். சிட்ரிக் அமிலம் இரும்பைப் பிடித்து இழுத்துக் கரைத்துவிடும். இதையே முதல் நாள் போட்டிருந்தால் புளிப்புப் பட்டுப் புரதம் இன்னும் இறுகியிருக்கும்.

முடிவு: கையில் வைக்கோல் நிறத்தில் ஒரு நிழல் மிச்சம். டியூப்லைட் வெளிச்சத்தில் கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும், தெருவில் யாருக்கும் தெரியாது. இன்னொரு சுற்று போயிருக்கலாம். ஆனால் பழைய காட்டன், இழை தளர்ந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் நிறுத்தினேன். அவர் கையை மடித்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டு போகிறார்.

"பிளீச்சிங் பவுடர் போட்டா ஒரு நிமிஷத்துல போயிடுமே" என்று நடுவில் சிலர் சொன்னார்கள். ரத்தத்துக்குக் குளோரின் வேண்டாம். இரும்பை அது எடுக்காது, துருவாகவே நிற்க வைத்துவிடும். பட்டு, கம்பளி என்றால் துணியே மஞ்சளித்துப் பாழாகும். அதோடு எலுமிச்சையோ வினிகரோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னலில்லாத பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

பட்டு பிளவுஸ்

தையல்காரி விரலில் ஊசி ஏறாமல் ஒரு சீசன் போகாது. ஒரு துளி சந்தன நிறப் பட்டில் விழுந்தால் நெஞ்சு நின்றுவிடும், கல்யாணத்துக்கு நாள் குறித்திருப்பார்கள். பழைய தையல்காரர்கள் சொல்லிக்கொடுத்தது: வெள்ளை நூலைச் சுருட்டி எச்சிலில் நனைத்து, துளியின் மேல் ஒற்றி எடு. செய்திருக்கிறேன், போகிறது. எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைத்தான் செரிக்கும், ரத்தத்தை அல்ல. என் கணிப்பில் அங்கே வேலை செய்வது வேகமும் அளவும்: துளி காய்வதற்குள், பரவாத அளவுக்கு மட்டும் ஈரம். அடுத்தவர் துணியில் எச்சில் வேண்டாம் என்று இப்போதெல்லாம் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த பஞ்சுத் திரியைப் பயன்படுத்துகிறேன். அதே பலன்தான். கீழே ஒரு வெள்ளைத் துணியை மடித்து வைத்து மேலிருந்து ஒற்ற வேண்டும். ஈர வட்டம் காய்ந்து வளையமாக நிற்காமல் இருக்க, ஓரத்தை விரலால் சுற்றிலும் மெல்லக் கலைத்துவிட வேண்டும்.

பட்டுக்கு என்சைம் பவுடர் கூடவே கூடாது. பட்டே புரதம், கறையை வெட்டுகிற கத்தி பட்டையும் வெட்டும். பெராக்சைடும் சாயத்தை வெளுக்கும், ஜரிகையையும் ஹூக்கையும் கெடுக்கும். பஞ்சுத் திரியில் போகவில்லையென்றால் டிரை கிளீனிங் கடையில் கொடுத்து, இது ரத்தம், இத்தனை நாள் ஆயிற்று என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். சொல்லாமல் கொடுத்தால் அவர்கள் ஆவியில் வைத்துவிடலாம்.

பெட்ஷீட்டும் மெத்தையும்

பக்கத்து போர்ஷன் பெண் காலேஜில் படிக்கிறாள். ஒருநாள் விடியற்காலையில் பெட்ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு வந்து, "ஆன்ட்டி, இத தூக்கிப் போட்டுடட்டுமா?" என்று கேட்டாள். மாதவிலக்குக் கறைக்காக நல்ல பெட்ஷீட்டையும் உள்ளாடையையும் தாளில் சுற்றிக் குப்பையில் போடுகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். எனக்கு அது தாங்காது. மூக்கில் வந்த ரத்தத்தை "அத்த, பாரு" என்று காட்டிக்கொண்டு வருகிறான் ஒருத்தன், இவள் ஒளித்துக்கொண்டு வருகிறாள். இரண்டும் ஒரே ரத்தம், துவைக்கிற முறையும் ஒன்றேதான்.

பெட்ஷீட் ராத்திரிக் கறை, ஆறேழு மணி நேரம் இருக்கும். குழாயடியில் முதுகுப் பக்கம், பிறகு உப்புத் தண்ணீர், பிறகு என்சைம் பவுடர் இரண்டு மணி நேரம். போய்விட்டது. கலர் பெட்ஷீட் என்பதால் பெராக்சைடு எடுக்கவில்லை. எடுப்பதானால் மடிப்புத் தையலின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிஷம் சாயம் மாறுகிறதா என்று பார்த்த பிறகுதான். துணியை மற்ற உடுப்புகளுக்கு அடியில் மறைத்துக் காயப்போட வேண்டாம் என்று சொல்லி, மொட்டை மாடியில் நல்ல வெயில் விழும் கொடியில் நானே விரித்துப் போட்டேன். உள்ளாடைக்கும் இதே வெயில்தான் நல்லது.

மெத்தையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. இலவம்பஞ்சு உள்ளே நனைந்தால் கட்டி தட்டி நாறும். குளிர்ந்த உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்ற வேண்டும். ஈரத் துணியால் ஒரு ஒற்று, காய்ந்த துணியால் ஒரு ஒற்று. துணியில் நிறம் ஏறாமல் ஆனதும் 3 சதவீதப் பெராக்சைடைப் பஞ்சில் தொட்டு வைத்து, அது அடங்கியதும் வெறும் ஈரத் துணியால் துடைத்து, ஃபேனுக்குக் கீழே காயவிட்டோம். அரைக்கால் பங்கு சாயல் தெரிகிறது. மெத்தைக்கு அது போதும்.

காசிமேட்டு லுங்கி

கடைசியாக மீன் ரத்தம். காசிமேட்டில் ஏலத்துக்குப் போய்வரும் ஒருவரின் லுங்கி, கிழிசல் தைக்க வந்தது. மீன் ரத்தமும் அதே ஹீமோகுளோபின்தான், பச்சைத் தண்ணீரும் பவுடரும் அதை லேசாக எடுத்துவிட்டன. போகாமல் நின்றது மீன் எண்ணெயும் வாடையும். எண்ணெய்க்குப் பாத்திரம் தேய்க்கிற லிக்விடைத் தேய்த்துக் கால் மணி நேரம் வைத்தேன். ரத்தம் முழுசாகப் போய்விட்டதால் இதற்கு வெதுவெதுப்பான தண்ணீரும் ஊற்றலாம். மீன் வாடைக்குக் காரணம் அமீன் என்ற காரத்தன்மையுள்ள பொருள்கள். அமிலம் பட்டால் அவை ஆவியாகிக் கிளம்பாத உப்பாக மாறிவிடும். மீன் கழுவிய கையில் எலுமிச்சை தேய்ப்பது அதற்குத்தான். கடைசி அலசலில் ஒரு பக்கெட்டுக்கு ஒரு பழத்தைப் பிழிந்துவிட்டு, முக்கி எடுத்து, நன்றாக அலசி வெயிலில் போட்டேன். காய்ந்ததும் வாடை இல்லை. கிழிசலை அதற்குப் பிறகுதான் தைத்தேன்.